பின்சீட்டுக் கனம்

விடாமல் பெய்த மழை ஒருவழியாக ஓய்ந்து, மலைரோட்டில் சரிந்து கிடந்த மண்ணையும் பாறையையும் மிஷின் வந்து ஓரம் தள்ளி வழிவிட்ட வாரத்தில்தான், ஞானதீபத்தின் காருக்குப் பின்னால் அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது. பள்ளத்தில் இறங்கினால் கடக், மேட்டில் ஏறினால் கடக், வேகத்தடையை முன்சக்கரம் சாதுவாகத் தாண்டிப் போன பிறகு பின்சக்கரம் ஏறும்போது மட்டும் கடக், கடக் என்று இரண்டு தரம். அவள் முதலில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டாள். ஜாக்கியைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தும் சத்தம் போகாததால், வாழைக்காய் மண்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு ஒர்க்‌ஷாப் நடத்தும் காஜா மைதீனிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அந்த ஊருக்குக் கல்லுப்பாலம் என்று பெயர். மலையடிவாரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கும் வாழைத் தோப்புகளுக்கும் நடுவில் இருந்தது. அங்கிருந்து போனவர்கள் நிறைய. மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர்கள், திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், விமானம் ஏறிப் போனவர்கள், மனசுக்குப் பிடித்தவனோடு யாருக்கும் சொல்லாமல் போனவர்கள், இதோ வந்துவிடுகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனவர்கள் என்று வீட்டுக்கு ஒருவராவது போயிருந்தார்கள். ஞானதீபம் மட்டும் அந்த ஊருக்கு வந்தவள். மலைமேல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் தலை நரைக்கும் வரை நர்சாக இருந்தாள். ஆஸ்பத்திரியை மூடியதும் கீழே இறங்கி வந்து, ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்து, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினாள். மலையிலிருந்து நோயாளி யாராவது கீழே வரவேண்டுமென்றால் அவளுக்குத்தான் போன் வரும். போன் வராத நாட்களிலும் அவள் மேலே போய்விட்டுக் கீழே வருவாள். வீட்டில் இருந்தால் சுவர்க்கோழிச் சத்தம்தான். வண்டியில் இருந்தால் இன்ஜினாவது ஏதாவது சொல்லிக்கொண்டு வரும். ஊர் அவளை நர்சம்மா என்று கூப்பிட்டது. பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை.

"டிக்கியில என்னா போட்டு வச்சிருக்கீங்க நர்சம்மா?" என்று காஜா கேட்டான்.

"ஒண்ணுமில்ல பாய். ஸ்டெப்னி, ஜாக்கி. அவ்வளவுதான்."

எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, ஒர்க்‌ஷாப் வாசலில் இருந்த வேகத்தடையில் வண்டியை ஏற்றி இறக்கினான். கடக். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்திருக்கும் என்று புதுசு மாட்டினான். கடக். பின்கதவுப் பூட்டு ஆடுகிறதோ என்று காகிதம் மடித்துச் செருகினான். அதற்கும் கடக். காஜா தான் நினைத்தது தப்பாகப் போவதைப் பற்றிக் கவலைப்படுகிறவன் இல்லை. தப்பானது ஒவ்வொன்றும் கழிந்தால்தானே சரியானது மிஞ்சும் என்று சொல்லிக்கொண்டே, தன் பெரிய உடம்பை டிக்கிக்குள் மடக்கிப் படுத்துக்கொண்டான். காது தரைத்தகட்டில் ஒட்டியிருக்க, கால் இரண்டும் வெளியே தொங்கின.

"ஓட்டுங்க. நான் கேக்குறேன்."

மார்க்கெட் தெருவில் அந்தக் கோலத்தில் கார் போனதைப் பார்த்து, வெற்றிலைக் கடைக்காரர்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். திரும்பி வந்து இறங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டு, "இடது பக்கம். அது மட்டும் நிச்சயம்," என்றான். பின்னால் போய் இடது மூலையைக் கைகளால் அழுத்திப் பார்த்தான். நல்ல வண்டி என்றால் அமுங்கி, ஒரு தரம் எழும்பி நிற்கும். இது அமுங்கவே இல்லை.

"ஏற்கெனவே அமுங்கித்தான் நிக்கிது," என்றவன், தள்ளிப்போய்க் குத்தவைத்து, கொத்தனார் சுவரைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். காலி வண்டி இடது பக்கம் சாய்ந்திருந்தது. மண்டித் தெருவிலிருந்து ஒரு வெங்காய மூட்டையை வாங்கி வலது பக்கப் பின்சீட்டில் வைத்தான். போதவில்லை. இன்னும் ஒரு கூடை வைத்ததும் வண்டி நேராக நின்றது. அதற்குப் பிறகுதான் காஜா இடது கதவின் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். சீட்டு, ஒருவர் உட்கார்ந்தால் எப்படிக் குழியுமோ அப்படிக் குழிந்திருந்தது.

"நர்சம்மா, வண்டியில ஆளு இருக்கு."

ஞானதீபம் குனிந்து பார்த்தாள். சீட்டுத் துணியின் சுருக்கங்கள் எல்லாம் அந்தக் குழியைப் பார்த்துப் போயின. உட்கார்ந்திருப்பவரைக் காணோம், உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது.

"எப்ப ஏறுனாங்க?" என்றாள்.

"அத நீங்கதான் சொல்லணும். மழைக்கு முன்னாடியா, பெறகா?"

"மழையப்பதான் இருக்கும். மண்ணு சரிஞ்ச எடத்துல வண்டியெல்லாம் வரிசையா நின்னுச்சு. என்னாச்சுன்னு பாக்க இறங்கிப் போனேன். கதவப் பூட்டல."

"அப்ப நனையாம இருக்க உள்ள வந்து உக்காந்திருப்பாங்க," என்றான் காஜா. அவனுக்கு அது நியாயமாகவே பட்டது. வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். "ஒரே பக்கம் எந்நேரமும் கனம் நின்னா எந்த வண்டி தாங்கும்? ஸ்பிரிங் பட்டையில ஒண்ணு வெடிச்சிருச்சு. ஷாக் அப்சர் அடிப்புஷ்ஷு தேஞ்சு, வட்டமா இருந்த ஓட்டை முட்டை மாதிரி ஆகிக் கெடக்கு. குழியில எறங்கறப்ப அச்சு எழும்பிப் போய்ச் சட்டத்துல இடிக்கிது. அதான் சத்தம். மாத்திரலாம். ஆனா வண்டியத் தூக்கணும். அவங்கள எறங்கச் சொல்லுங்க."

ஞானதீபம் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முன்பின் தெரியாத ஒருவரிடம் எடுத்த எடுப்பிலேயே இறங்குங்கள் என்று எப்படிச் சொல்வது? அதுவும் மழைக்கு ஒதுங்கியவரிடம். அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"இன்னொரு நாள் வர்றேன் பாய்," என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விஷயம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்தது. டீக்கடை வீரணன் அவளுக்கு ஒரு டீயும் பின்சீட்டுக்கு ஒரு டீயும் கொண்டுவந்து நீட்டினான். இரண்டாவது டீ ஆடை படர்ந்து ஆறிப்போனதும் எடுத்துக் கொட்டிவிட்டு மறுநாளும் சூடாகக் கொண்டுவந்தான். செக்போஸ்டில் நின்ற கான்ஸ்டபிள் உள்ளே குனிந்து பார்த்து, பின்னால் இருப்பவருக்கும் பெல்ட் போடவேண்டும் என்றார். ஞானதீபம் எட்டிப் போட்டுவிட, அந்தப் பெல்ட் ஒன்றுமில்லாத இடத்தில் வயிற்றுக்கு மேல் வளைவது போல வளைந்து நின்றது, கான்ஸ்டபிள் திருப்தியாகக் கையசைத்து அனுப்பினார். பூசாரி வந்து விபூதி பூசினார், பாதர் வந்து ஜெபம் பண்ணினார், பள்ளிவாசல் அஜ்ரத் வந்து ஓதி ஊதினார். மூன்று பேருக்கும் அந்தக் கனம் ஒரு துளிகூடக் குறையாததால், அது பேய் இல்லை, ஆள்தான் என்று ஊர் முடிவுக்கு வந்தது. ஆள் என்றால் யாருடைய ஆள் என்பதுதான் பிறகு எழுந்த கேள்வி.

வீரணன் தன் அப்பா என்றான். அவன் இடுப்பில் அரைஞாண் மட்டும் கட்டித் திரிந்த வயதில் மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. டெய்லர் ஒச்சம்மா தன் மகள் என்றாள். தறிக்காரப் பையனோடு திருப்பூருக்குப் போன மகள், போகிற அன்று காலையில் அம்மாவிடம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டுதான் போனாள். மண்டித் தெருவில் இன்னும் எத்தனையோ பேர் அண்ணன் என்றார்கள், புருஷன் என்றார்கள், கூடப் படித்தவன் என்றார்கள். சண்டை வந்தது. ஊர் மந்தையில் கூடிப் பேசி, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஞானதீபத்தின் கார் ஒரு நாளும் காலியாக இல்லை. வலதுபக்கப் பின்சீட்டில் வந்து உட்காருவார்கள், இடதுபக்கம் திரும்பிக்கொள்வார்கள், பேசத் தொடங்குவார்கள். போன பிறகு பிறந்த குழந்தைகளைப் பற்றி, இடிந்த சுவரைப் பற்றி, விற்ற மாட்டைப் பற்றி, கடைசியாகச் சொன்ன கடுஞ்சொல்லைப் பற்றிப் பேசுவார்கள். அந்தச் சத்தம்தான் பதில் என்று யார் முதலில் கண்டுபிடித்தார்களோ தெரியாது. ஒரு தரம் இடித்தால் ஆமாம், இரண்டு தரம் இடித்தால் இல்லை என்று ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. மார்க்கெட் தெருக் குழிகளை மூட ஜல்லியோடு வந்த காண்டிராக்டரை, இந்த வருஷம் வேண்டாம் சாமி, எங்களுக்குப் பேசுவதற்கு வேறு இடம் இல்லை என்று கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவர் காரணம் கேட்டார். சொன்னார்கள். அவரும் வண்டியில் ஏறி ஒரு ரவுண்டு போய்விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜல்லியைத் திருப்பி ஏற்றினார்.

ஞானதீபத்திடம் அவர்கள் சொன்னதெல்லாம் ஒன்றுதான். "நர்சம்மா, அந்தக் குழியில விடு."

அவள் விட்டாள். ஊரின் துக்கம் மொத்தத்தையும் பிடரியால் கேட்டாள். முன்சீட்டில் ஒருவரும் உட்காருவதில்லை. இறங்கும்போது பின்சீட்டுக்குத்தான் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆளே இல்லாமல் மலைக்குப் போய்வந்த காலத்தில்கூட அவளுக்கு இவ்வளவு தனியாக இருந்ததில்லை. சாயங்காலம் வீட்டுமுன் வண்டியை நிறுத்தி, உள்ளே இருப்பவருக்குக் காற்று வரட்டும் என்று கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்துவிட்டு, ஒருத்திக்கு மட்டும் சோறு வடிக்கப் போவாள்.

ஒரே ஒரு தரம், முறைக்காரர் வராத ஒரு மத்தியானம், அவளும் கேட்டாள். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, "நீங்க என்னத் தேடியா வந்தீங்க?" என்றாள். கேட்ட வேகத்தில் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு தரம் இடித்துவிட்டால்? குழியே இல்லாத பைபாஸ் ரோட்டுக்கு வண்டியைத் திருப்பி, டேங்கில் டீசல் குறைகிற வரைக்கும் ஓட்டிக்கொண்டே இருந்துவிட்டு, பதில் கேட்காமல் வீட்டுக்கு வந்தாள்.

ஒச்சம்மாவின் முறை வந்த ஒரு நாள், மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சத்தம் அதற்குள் ரொம்பவே பெரிதாகியிருந்தது. சின்னக் கல்லுக்கும் இடித்தது.

"சாப்பிட்டியா தாயி?" என்றாள் ஒச்சம்மா. கடக். "அவன் நல்லா வச்சிருக்கானா?" கடக். "ஆத்தா மேல கோவமா?" ரோடு கொஞ்ச தூரம் சமமாக இருந்தது. "குழி ஒண்ணு பாரு நர்சம்மா. கேட்டுட்டேன்ல."

முன்னால் ஒரு குழி தெரிந்தது. ஞானதீபம் தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தாள். குழி வருவதற்கு முன்னாலேயே, ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடி தானாகக் கீழே இழுபட்டது. பெல்ட் இறுகியது. சீட்டின் குழிவு ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒடுங்கி, அப்படியே நின்றது. பிறகுதான் சக்கரம் குழியில் இறங்கியது. கடக்.

அவளுக்கு அது தெரியும். இடுப்பெலும்பு முறிந்தவர்களை எஸ்டேட் ஜீப்பில் இறக்கிக் கொண்டுவரும்போது பார்த்திருக்கிறாள். அவர்கள் கத்துவதில்லை. ரோட்டை மனப்பாடம் பண்ணிக்கொள்வார்கள். அடுத்த குழி எங்கே என்று உடம்புக்குத் தெரிந்து, அது வருவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறுகிப் போவார்கள்.

வண்டியை ஓரம் கட்டினாள்.

"என்னா நிறுத்திட்ட?"

"அவங்களுக்கு வலிக்குது ஒச்சம்மா. இடுப்பா இருக்கும், இல்லன்னா முழங்காலு. ஒவ்வொரு குழிக்கும் வலிக்குது."

"எம்மக பேசுறா நர்சம்மா."

"பேசல. வலியத் தாங்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

ஒச்சம்மா கைப்பிடியைப் பார்த்தாள். அது இன்னும் இழுபட்டபடியே இருந்தது. "இந்தச் சத்தத்தையும் எடுத்துட்டா எனக்கு என்னா இருக்கு?" என்று கேட்டாள். ஞானதீபம் கியரை மாற்றினாள். வண்டியைத் திருப்பி, நடந்துபோகிறவர்கள் முந்திக்கொண்டு போகிற அளவு மெதுவாக, ஒவ்வொரு குழியையும் சுற்றிச் சுற்றி, காஜாவின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தாள்.

சங்கதி தெரிந்து ஊர் திரண்டுவிட்டது. வீரணன் டீ ஆற்றுகிற டம்ளரோடு ஓடிவந்து காருக்கு முன்னால் நின்றான். "எங்கப்பா வாய அடைக்கப் போறீங்களா? இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒரு வார்த்த பேசுறாரு."

ஞானதீபம் சத்தமாகப் பேசிப் பழகாதவள். வண்டியை விட்டு இறங்கி அவன் பக்கத்தில் வந்துதான் சொன்னாள். "உங்கப்பாவே இருக்கட்டும் வீரணன். ஒடஞ்ச இடுப்போட அவர உக்கார வச்சு, குழி குழியா இடிச்சு, பேசு பேசுன்னு கேப்பீங்களா?"

வீரணன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஓரமாக ஒதுங்கினான்.

காஜா ஜாக்கியை வைத்துத் தூக்கினான். வண்டி மேலே போகப் போக, உள்ளே இருந்தவர் பயந்து வலதுபக்கம் நகர்ந்துவிட்டார். கனம் மாறியதும் ஜாக்கி சாய்ந்து, வண்டி தொப்பென்று தரையில் விழுந்தது. கைப்பிடி படபடவென்று ஆடியது.

"எறங்காம முடியாது," என்றான் காஜா.

வீரணன் கதவருகே போய், "அப்பா, எறங்குப்பா," என்றான். ஒச்சம்மா, "தாயி, ஆத்தா வந்திருக்கேன், எறங்கு," என்றாள். அண்ணே என்றார்கள், மாமா என்றார்கள், டேய் மாப்ள என்றார்கள். ஊரிலிருந்து போன எல்லோருடைய பெயரையும் அன்று அந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். எந்தப் பெயருக்கும் வண்டி எழும்பவில்லை.

ஞானதீபம் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். கதவை முழுசாகத் திறந்தாள். பெல்ட்டைக் கழற்றினாள்.

"நான் நர்சு. இப்ப உங்களத் தூக்கி இறக்கப் போறேன். பயப்படாதீங்க, நான் பிடிச்சுக்குவேன். கையை என் தோள்ல போட்டுக்கங்க. வலிச்சா சொல்லுங்க."

எத்தனை வருஷம், எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தைகள். பெயர் தெரிந்து சொன்னதில்லை, பெயர் தெரியவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொடுத்தாள், இன்னொன்றை முழங்காலுக்கு அடியில். கை வெறும் காற்றில் போகவில்லை. ஈரக் கம்பளி வாசனையோடு, சூடாக, நடுங்கிக்கொண்டு, ஒரு உடம்பின் கனம் அவள் மேல் வந்து சாய்ந்தது. பின்னால் வண்டி, பெருமூச்சு விட்டது போல முனகிக்கொண்டு எழும்பியது. ஆஸ்பத்திரியை மூடிய நாளிலிருந்து ஞானதீபத்தை யாரும் தொட்டதில்லை. சந்தையில் இடித்துவிட்டுப் போகிற தோள்களைத் தவிர, ஒரு கை அவள் கழுத்தைச் சுற்றி இப்படி இறுகப் பிடித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கண் கலங்கியது. நர்சு அழுதால் நோயாளி பயந்துபோவார் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு அடி எடுத்து வைத்தாள். எண்ணெய் ஊறிய மண்ணில் அவள் பாதம் வழக்கத்தைவிட ஆழமாகப் பதிந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. சுவரோரம் கிடந்த பெஞ்சில் அவள் உட்கார, பக்கத்தில் பலகை கிறீச்சிட்டு அமுங்கியது.

ஆம்பளையா பொம்பளையா என்று பிறகு பல பேர் அவளிடம் கேட்டார்கள். நோயாளி என்று மட்டும் சொன்னாள்.

காஜா வேலையில் இறங்கினான். பட்டைக் கட்டைக் கழற்றி, வெடித்த பட்டையை உருவித் தூரப் போட்டான். துருப்பிடித்த போல்ட் வர மறுத்தது. எண்ணெய் விட்டு, தட்டி, சூடு காட்டி, திட்டிக் கழற்றினான். புதுப் புஷ் அடித்தான். "இனி எத்தன கனம் ஏறினாலும் எறங்காது," என்று, இருந்ததற்கு மேல் ஒரு பட்டையை அதிகமாகவே சேர்த்துக் கட்டினான். வெயில் தகரத்திலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. ஞானதீபத்தின் தோளில் இருந்த கனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, தலை என்று சொல்லத்தக்க ஒன்று அவள் கழுத்துக் குழியில் வந்து தங்கி, சீரான மூச்சு அவள் காதோரம் பட்டது.

ஒச்சம்மா வந்து பெஞ்சின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "நீ எந்த ஊரு நர்சம்மா?" என்றாள்.

"கடல் பக்கம். உப்பளம் இருக்கிற ஊரு."

"அங்க ஆரு இருக்கா?"

"அண்ணன் இருந்தான். அவன் பிள்ளைங்க இருக்கும்."

"போறதில்லையா?"

"மொதல்ல லீவுக்கு லீவு போனேன். அப்புறம் போறப்பல்லாம் எனக்குப் பாய் போட எங்க எடம்னு அவங்க யோசிச்சாங்க. அப்புறம் போகல."

"கோவமா?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு இருந்து, போறதுக்கு ஒரு காரணம் வேணும்னு ஆயிப்போச்சு."

"வீட்டுக்குப் போக எதுக்குக் காரணம்?" என்று ஒச்சம்மா உண்மையாகவே கோபப்பட்டாள். "உம் பாட்டுக்குப் போய் நிக்க வேண்டியதுதான."

"நீ சொல்லிட்ட. உம்மக கிட்ட யாரு சொல்லுவா?"

ஒச்சம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சு," என்று காஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "ஏறச் சொல்லுங்க நர்சம்மா."

"கொஞ்சம் பொறுங்க பாய். தூங்கறாங்க."

காஜா ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். மண்டியில் மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்து வீரணன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். தன் அப்பா, தன் மகள், தன் அண்ணன் என்று சண்டை போட்ட ஊர் முழுவதும், யாருடையவரோ ஒருவர் தூங்கி எழுவதற்காக, அந்தச் சாயங்காலம் நின்ற இடத்தில் நின்றது. ஞானதீபத்தின் தோள் மரத்துப் போயிற்று. அவள் அசையவில்லை.

எழுந்ததும் அவளே கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தாள். வண்டி ஒரு விரல்கூட அமுங்கவில்லை. வாசல் வேகத்தடையில் ஏறி இறங்கினாள். சத்தம் இல்லை. மார்க்கெட் தெருவின் பெரிய குழிகளில் இறங்கி ஏறினாள். சத்தம் இல்லை.

"பட்டை அப்படி," என்றான் காஜா. "இனி உள்ள ஆளு இருக்கா இல்லையான்னு வண்டி சொல்லாது நர்சம்மா."

வண்டி சொல்லவில்லை. சீட்டில் அந்தக் குழிவு அப்படியேதான் இருந்தது, ஆனால் இவ்வளவு காலம் அமுங்கிய பஞ்சு இனி எழும்பாது என்று காஜாவே சொன்னான். பெல்ட்டைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஞானதீபம் போட்டுப் பார்க்கவில்லை. முறைக்காரர்கள் கொஞ்ச நாள் வந்தார்கள், கேட்டார்கள், பதில் இல்லாமல் ரோட்டு மரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு இறங்கினார்கள். அப்புறம் ஒருவர் ஒருவராக நின்றார்கள். போயிருப்பாங்க, குணமாகி வீட்டுக்குப் போயிருப்பாங்க என்று பேசிக்கொண்டார்கள். காண்டிராக்டர் ஜல்லியோடு வந்து குழிகளை மூடினார், யாரும் தடுக்கவில்லை. வீரணன் ஒரே ஒரு டீ கொண்டுவந்தான். ஒச்சம்மா தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு ஒரு நாள் காலையில் திருப்பூர் பஸ்ஸில் ஏறினாள். மகளைப் பார்த்தாளா, அவள் என்ன சொன்னாள் என்பதெல்லாம் ஊருக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்ததிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னக் கவுன்களாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஞானதீபம் பழையபடி மேலே போய்விட்டுக் கீழே வந்தாள். கடலோர ஊருக்குப் போகும் ரோடு பிரிகிற இடத்தில் சில நாட்கள் வண்டியை நிறுத்தி, பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வண்டிக்குள் இப்போது இன்ஜின் சத்தம் மட்டும்தான். அதுவும் காஜா கைவைத்த பிறகு குறைந்திருந்தது. வழியில் எப்போதாவது அவளாக ஏதாவது சொல்வாள். பனி இறங்கியிருக்கிறது என்பாள், கண்ணாடியை ஏற்றட்டுமா என்பாள், சும்மா ஒரு நோயாளியிடம் பேசுவது போல. பதிலை எதிர்பார்க்காமல் ஏற்றிவிடுவாள்.

சாயங்காலம் அவள் தெருவுக்குள் வண்டி நுழைந்தால் பின்னால் வருகிறவர்கள் முந்த முடியாது. அவ்வளவு ஒடுக்கமான தெரு. வீட்டுமுன் நிறுத்தி, இறங்கி, சுற்றிவந்து, இடதுபக்கப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாள். கையை நீட்டிப் பார்ப்பதில்லை. முழங்கால் சரியில்லாத ஒருவர் மெதுவாக இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்பாள். ஆரம்பத்தில் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். பிறகு அடிப்பதில்லை.

ஒரு நாள் பால் கேனோடு மொபெட்டில் பின்னால் வந்து நின்றவன் வீரணன். அவனுக்குப் பின்னால் வாழைத்தார் ஏற்றிய வேன், அதற்குப் பின்னால் டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளின் சைக்கிள்கள். வீரணன் எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"எறங்கிட்டாங்களா நர்சம்மா?"

ஞானதீபம் திறந்த கதவுக்குள் பார்த்தாள்.

"ஒரு கால் வச்சிட்டாங்க," என்றாள்.

வீரணன் மொபெட்டை அணைத்து ஸ்டாண்டு போட்டான். வேன்காரனும் இன்ஜினை நிறுத்தினான்.